வெள்ளை முயலின் பாதத்தில் மஞ்சள் கறை, வாலடியில் ஒட்டும் அழுக்கு: குளிப்பாட்டலாமா?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஹாலந்து லோப் இனத்து வெள்ளைப் பெண் முயல் ஒன்றை வளர்த்து வருகிறோம். அதற்கு வயது இரண்டு இருக்கும். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பகலில் கம்பித் தரை போட்ட கூண்டிலும், நாங்கள் வேலை முடிந்து வந்த பிறகு வரவேற்பறையிலும் இருக்கும். அதன் பின்னங்கால்களின் அடிப்பகுதி முழுவதும் மஞ்சள் படிந்து, ஈரத்துணியால் துடைத்தாலும் போகாத கறையாகிவிட்டது. சில நாள் காலையில் வாலுக்கடியில் கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாடையும் வீசுகிறது. போதாக்குறைக்கு, மின்விசிறியைப் போட்டால் வீடெங்கும் வெள்ளை முடி பறக்கிறது.

கூண்டை விற்ற கடைக்காரர் கூடவே ஒரு ஷாம்பூவையும் கொடுத்து, வாரம் ஒரு முறை குளிப்பாட்டச் சொன்னார். வெந்நீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஊற்றினால் எந்தக் கிருமியும் நிற்காது என்பது என் மாமியாரின் கட்சி. என் மகளோ, முயலை நனைக்கவே கூடாது என்று எங்கோ படித்துவிட்டு யாரையும் அருகில் விட மறுக்கிறாள். இந்த மூவரில் யார் சொல்வதைக் கேட்பது? குளிப்பாட்டக் கூடாதென்றால் கறையையும் வாடையையும் எப்படிப் போக்குவது?

உணவைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்: கிண்ணம் நிறையப் பெல்லட் (கடையில் விற்கும் குருணைத் தீவனம்), தினமும் கங்கோங் கீரை, அவ்வப்போது காரட்டும் வாழைப்பழமும். உலர்புல் வாங்கி வைத்தாலும் அது அதிகம் தொடுவதில்லை.

ஜெலுத்தோங்_அண்ணாச்சி:

வணக்கம் சகோதரி. பினாங்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மகள் படித்தது சரிதான். முயலின் அடிமயிர் மிகவும் அடர்த்தியானது. ஒரு முறை தோல்வரை நனைந்துவிட்டால், நம் ஊர் ஈரக்காற்றில் அது முழுமையாக உலரப் பல மணி நேரம் பிடிக்கும். தோலோ மெல்லியது, ஈரத்தில் ஊறினால் இன்னும் எளிதாகப் புண்படும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, பயந்துபோன முயல் தண்ணீரில் திமிறும்போது ஏற்படுவது. அதன் எலும்புகள் இலேசானவை, பின்னங்கால் தசைகளோ மிகவும் வலுவானவை. எனவே பிடியிலிருந்து விடுபட உதைக்கும் ஒரே உதையில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். முழுக் குளியலால் அதிர்ச்சியடைந்து இறந்துபோன முயல்களும் உண்டு. ஆகையால் ஷாம்பூவைத் திறக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. நலமாக இருக்கும் முயல், விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கித் துடைத்துக்கொள்வதிலேயே செலவிடும். அப்படிப்பட்ட பிராணி அழுக்காக இருக்கிறது என்றால், அது நிற்கும் தரையிலோ, தின்னும் தீவனத்திலோ, அதன் உடம்பிலோ ஏதோ ஒன்று சரியில்லை என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தால், கறை மறுநாளே திரும்பி வந்துவிடும்.

முதலில் பாதத்தைப் பார்ப்போம். நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் இருக்கும் மெத்தென்ற சதைத் திண்டு முயலுக்குக் கிடையாது. அடர்ந்த மயிர்தான் அதன் செருப்பு. மண்ணிலும் புல்லிலும் ஓடுவதற்கென்று அமைந்த இந்தப் பாதம் கம்பியின்மேல் நாள் முழுவதும் நிற்கும்போது, உடல் எடை முழுவதும் சில மெல்லிய கோடுகளில் இறங்கி, குதிங்காலின் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, பிறகு குதிங்கால் புண்ணாக மாறும். ஈரமும் சிறுநீரும் சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நிகழும். அதிக எடையும் வெட்டாமல் விட்ட நீண்ட நகமும் துணைக்காரணங்கள். ரெக்ஸ் இனத்து முயல்களுக்குப் பாத மயிர் இயல்பிலேயே குறைவு என்பதால் அவை முதலில் பாதிக்கப்படும்; மற்ற இனங்களுக்கும் விலக்கு இல்லை.

உங்கள் முயலின் மஞ்சள் நிறம் சிறுநீர்க் கறை. நிறத்தால் மட்டும் கேடில்லை. அடுத்த முறை மயிர் உதிர்ந்து முளைக்கும்போது அதுவும் போய்விடும். வெளுக்க வைக்கிறேன் என்று பெராக்சைடு, எலுமிச்சைச் சாறு முதலியவற்றைத் தொடவே வேண்டாம். மயிரை விரலால் விலக்கி, அடியில் இருக்கும் தோலைப் பாருங்கள். குதிங்காலில் சிறிய, வெளிறிய, காய்ப்புப் போன்ற வழுக்கை இருப்பது பல முயல்களுக்கு இயல்பு. சிவப்பு, வீக்கம், பொருக்கு, நீர்க்கசிவு, கால் வைக்கத் தயங்குதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கூண்டின் கம்பித் தரையை மறைத்துவிடுங்கள். தட்டையான பலகையொன்றைப் போட்டு, அதன்மேல் பழைய பருத்தித் துண்டையோ சாயம் ஏற்றாத கோரைப் பாயையோ விரியுங்கள். நனைந்தவுடன் மாற்றும்படி இரண்டு மூன்று கைவசம் இருக்கட்டும். வரவேற்பறையின் வழுவழுப்பான டைல் தரையும் பாதத்துக்கு நல்லதன்று. வழுக்காமல் இருக்க முயல் குதிங்காலை ஊன்றி ஊன்றி நடக்கும். அங்கேயும் ஒரு விரிப்பு வேண்டும்.

கிள்ளான்_ராஜா:

அண்ணாச்சி சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முயலைக் குளிப்பாட்டக் கூடாது என்பது குளிர்நாட்டில் இருப்பவர்கள் எழுதி வைத்த விதி. இங்கே மதியம் 33 டிகிரி அடிக்கிறது. மனிதர்களாகிய நாமே இரண்டு வேளை குளிக்கிறோம். அத்தனை மயிரைப் போர்த்திக்கொண்டு புழுங்கும் பிராணிக்கு வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான நீர் பட்டால் என்ன குறைந்துவிடும்? எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் குளிப்பாட்டுகிறார்கள். முயல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

செர்டாங்_உதவியாளர்:

வணக்கம். கால்நடை மருந்தகமொன்றில் சில ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ராஜா அவர்களே, வெப்பத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, தீர்வுதான் பொருந்தவில்லை. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. அது உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் இரத்த நாளங்கள் வழியாகவே வெளியேற்றுகிறது. சூழல் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம் தொடங்கும் என்பதால், கோலாலம்பூரின் பிற்பகல் முயலுக்கு உண்மையிலேயே ஆபத்தான நேரம். ஆனால் வாரம் ஒரு முறை ஊற்றும் நீர் மற்ற ஆறு நாள் வெப்பத்துக்கு என்ன செய்யும்? காதுகளை ஈரக்கையால் தடவிவிடுவதும், உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பதும், படுத்துக்கொள்ளக் குளிர்ச்சியான டைல் ஒன்றைப் போட்டு வைப்பதும், பகலில் காற்றோட்டமுள்ள நிழலான அறையில் வைத்திருப்பதுமே பயன் தரும். நீங்கள் அறிந்த இரண்டு முயல்களும் தப்பித்திருக்கலாம். தப்பிக்காதவற்றை நான் மருந்தக மேசையில் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, வாலடியில் ஒட்டியிருப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பாதக் கறையைவிட முக்கியமாகப் படுகிறது. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று, நமக்கெல்லாம் தெரிந்த உருண்டையான, உலர்ந்த புழுக்கை. மற்றொன்று, பெருங்குடலின் முற்பகுதியிலுள்ள குடற்பையில் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து உருவாக்கும் மென்புழுக்கை. அது சிறிய திராட்சைக் கொத்தாக, கரும்பச்சை நிறத்தில், பளபளப்பாக, வாடையுடன் இருக்கும். இதில் பி வகை உயிர்ச்சத்துகளும் புரதமும் இருப்பதால், முயல் தலையை வளைத்து நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும்; வழக்கமாக நம் கண்ணிலேயே படாது. அது வாலடியில் ஒட்டிக் கிடக்கிறது என்றால், முயல் அதைத் தின்னவில்லை, அல்லது தின்ன முடியவில்லை. பெரும்பாலோர் இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பயந்து வருவார்கள். உருண்டைப் புழுக்கை வழக்கம்போல் வந்துகொண்டிருந்தால் இது வயிற்றுப்போக்கன்று.

காரணங்கள் சில உண்டு. உங்கள் பதிவிலேயே முதலாவது எழுதியிருக்கிறது: கிண்ணம் நிறையப் பெல்லட், வாழைப்பழம், மிகக் குறைந்த உலர்புல். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்து நார்ச்சத்து குறையும்போது மென்புழுக்கை தளர்ந்து, அளவிலும் கூடிவிடுகிறது. முயலும் மிச்சம் வைத்துவிடுகிறது. இரண்டாவது, பருமன். ஹாலந்து லோப் முயலுக்கு இனத்தர அளவின்படி உச்ச எடையே 1.8 கிலோதான். வயிறு பருத்த முயலால் வாலடி வரை குனிய இயலாது. மூன்றாவது காரணத்தை வீட்டில் இருந்தபடி அறிய முடியாது. தட்டை முகமும் தொங்கு காதும் உள்ள இனங்களுக்குக் கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்துவது அதிகம். பல் வலிக்கும் முயல் அதிகம் மெல்லத் தேவையில்லாத பெல்லட்டைத் தின்னும், நன்றாக மெல்ல வேண்டிய புல்லைத் தவிர்க்கும், தன்னை நக்கிக்கொள்வதையும் நிறுத்திவிடும். உங்கள் முயல் உலர்புல்லைத் தொடுவதில்லை என்பது வெறும் ருசிப் பழக்கமாகவும் இருக்கலாம், பல் வலியாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். முன்னங்கால்களின் உட்புறத்தில் மயிர் ஒட்டிச் சடைபிடித்திருக்கிறதா? முயல் மூக்கையும் கண்ணையும் முன்னங்கால்களால்தான் துடைத்துக்கொள்ளும். அங்கே மயிர் காய்ந்து விறைத்திருந்தால், சளியோ கண்ணீரோ ஒழுகுகிறது என்று கொள்ளலாம். பார்ப்பதற்காக முயலை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். அப்போது அது அசையாமல் கிடப்பது சுகத்தினால் அன்று, பயத்தினால். ஒருவர் மடியில் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு காலாகப் பார்ப்பதே நல்லது.

செந்தூல்வாசி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. முன்னங்கால்கள் உலர்ந்து சுத்தமாகவே இருக்கின்றன. இடது குதிங்காலில் ஒரு விரல்நுனி அளவுக்கு மயிர் இல்லை. தோல் வெளிறியிருக்கிறது, சிவப்பு இல்லை. உருண்டைப் புழுக்கை வழக்கம்போல வருகிறது. கம்பித் தரையின்மேல் பலகை போட்டாகிவிட்டது.

இன்னும் சில ஐயங்கள். இறக்குமதியாகும் திமோத்தி உலர்புல் விலை அதிகம், மாற்று உண்டா? கழிவுத் தட்டில் எதைப் போடுவது? முடி உதிர்வதற்கு ஏதேனும் பருவம் உண்டா, இல்லை ஆண்டு முழுவதும் இப்படித்தானா? மாமியாரிடம் மஞ்சளைப் பற்றி என்ன சொல்வது?

ஜெலுத்தோங்_அண்ணாச்சி:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மாமியாரைக் குறை சொல்ல வேண்டாம். மஞ்சளும் வேம்பும் நம் உடம்புக்குப் பல தலைமுறையாகப் பழகியவை. ஆனால் முயல் தன்மேல் பூசிய எதையும் நக்கி விழுங்கிவிடும். விழுங்கியதை வாந்தியெடுக்க அதனால் முடியாது. வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், தைலம் எல்லாவற்றுக்கும் இதே தடைதான். வெள்ளை முயலில் மஞ்சளைத் தேய்த்தால் சிறுநீர்க் கறை எது, மஞ்சள் கறை எது என்று தெரியாமல் போகும் என்பது வேறு கதை.

திமோத்தியைப் பெரிய மூட்டையாக வாங்கி, இன்னொரு முயல் வளர்ப்பவருடன் பங்கிட்டுக்கொண்டால் விலை தாங்கும். நம் ஊரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வளர்க்கும் நேப்பியர் புல்லையும் பலர் கொடுக்கிறார்கள், நானும் கொடுக்கிறேன். தெரிந்தவர் தோட்டத்தில் வாங்குங்கள். சாலையோரப் புல்லில் வாகனப் புகையும் நாய்ச் சிறுநீரும் களைக்கொல்லியும் இருக்கும். திடீரென்று பச்சைப் புல்லைக் குவிக்காமல் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உலர்புல்லைப் பொறுத்தவரை நம் முதல் எதிரி பூஞ்சணம். அடைத்த பிளாஸ்டிக் பையில் வியர்க்க விடாமல், காற்றுப் புகும் துணிப்பையில், தரையில் படாமல் வையுங்கள். முக்கல் வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

கழிவுத் தட்டுதான் பாதச் சுத்தத்தின் அடிப்படை என்பேன். அடியில் மரத்தூள் குருணை அல்லது காகிதக் குருணை, அதன்மேல் ஒரு கை உலர்புல். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கமுடையது என்பதால், புல்லைத் தட்டின் ஒரு முனையில் வைத்தால் தானாகவே அங்கே வந்து உட்காரும். பூனைக்கென்று விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண்ணைப் போடாதீர்கள். முயல் அதை மென்றுவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். வாசனை வீசும் பைன், தேவதாரு மரச் சீவல்களும் ஆகாது. தட்டைத் தினமும் கொட்டி மாற்றுங்கள். இந்த வெப்பத்தில் சிறுநீரிலிருந்து அம்மோனியா விரைவாகக் கிளம்பி, பாதத்தை அரிப்பதோடு மூக்கையும் நுரையீரலையும் கெடுக்கும். தட்டின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புச் சத்து. வெள்ளை வினிகரை ஊற்றி ஊற வைத்துத் தேய்த்தால் பெயர்ந்துவிடும். கடும் நெடியுள்ள கிருமிநாசினி தேவையில்லை.

முடியைப் பற்றி: குளிர்நாடுகளில் பகல்நேரம் நீள்வதையும் குறைவதையும் ஒட்டி, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முயல் பெருமளவில் மயிரை உதிர்க்கும். கோலாலம்பூர் ஏறத்தாழ 3 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அரை மணி நேரம்கூட மாறுவதில்லை. ஆகவே இங்கே உதிர்வுக்குத் தெளிவான பருவம் கிடையாது. திட்டுத் திட்டாக எப்போது வேண்டுமானாலும் வரும். சாதாரண நாளில் வாரம் இரண்டு முறையும், கொத்தாக உதிரும் காலத்தில் தினமும் சீவிவிடுங்கள். ரப்பர் பற்கள் உள்ள சீப்பு போதும். கூர்மையான கம்பிச் சீப்பு தோலைக் கீறும். ஈரக்கையால் முதுகை நீவினாலும் தளர்ந்த முடி கையோடு வந்துவிடும். சிக்கு இருந்தால் கத்தரிக்கோல் வேண்டாம். தோல் மடிப்பு எது, முடிக்கற்றை எது என்று தெரியாமல் தோலை வெட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. விரலால் சிறிது சிறிதாகப் பிரித்தெடுங்கள். இதெல்லாம் அழகுக்காக மட்டும் அன்று. விழுங்கிய முடியும் நார் குறைந்த உணவும் சேர்ந்தால் குடல் இயக்கமே நின்றுபோகும்.

கிள்ளான்_ராஜா:

சரி, முழுக் குளியலை நான் இனி வற்புறுத்தவில்லை. ஆனாலும் வாலடி அழுக்கு காய்ந்து கெட்டியாகி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் படாமல் எப்படி எடுப்பது? குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவிச் சீவலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

செர்டாங்_உதவியாளர்:

டால்கம் பவுடர் வேண்டாம். நுண்ணிய தூள் நுரையீரலுக்குள் சென்றுவிடும், வாசனைப் பொருளும் சேர்ந்திருக்கும். கடைகளில் தெப்போங் ஜாகோங் என்று விற்கும் வெள்ளைச் சோள மாவைப் பயன்படுத்தலாம். காய்ந்த அழுக்கின்மேல் மட்டும் சிறிது தூவி, விரலால் பிசைந்து உதிர்த்து, சீப்பால் எடுத்துவிட்டு, மிஞ்சிய மாவைத் தட்டிவிட வேண்டும். முகத்தின் பக்கம் பறக்கக் கூடாது. ஈரத்தோலிலும் புண்ணிலும் போடக் கூடாது.

அதற்கும் மசியாவிட்டால் அந்த இடத்தை மட்டும் கழுவலாம். அதை நானும் செய்திருக்கிறேன். அகலமான பேசினில் வழுக்காத துணியை விரித்து, இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, முன்பக்கத்தைக் கையில் தாங்கியபடி பின்பக்கத்தை மட்டும் நனைய விடுங்கள். சோப்பு வேண்டாம். அழுக்கை இழுக்காமல் ஊற விட்டால் தானாகக் கரையும். பிறகு துண்டால் ஒற்றியெடுத்து, முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் தூரத்தில் பிடித்து, அடிமயிர்வரை உலர்ந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகே கூண்டில் விடுங்கள். இது அவசரத்துக்கு மட்டுமே. வாராவாரம் இதைச் செய்ய வேண்டியிருந்தால் காரணம் இன்னும் தீரவில்லை என்று பொருள்.

நான் ஏன் இந்த வாலடியையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், ஈக்களால்தான். அழுக்கும் ஈரமும் உள்ள மயிரில் ஈ முட்டையிட்டால், நம் வெப்பத்தில் ஒரு நாளைக்குள் புழு வெளிவந்து, உயிருள்ள தோலையே அரித்துத் தின்னத் தொடங்கும். உயரமான மாடி என்று நம்பியிருக்க வேண்டாம். ஈ மின்தூக்கிக்குக் காத்திருப்பதில்லை. காலையும் மாலையும் வாலடியை ஒரு முறை பாருங்கள். புழு ஒன்றைக் கண்டாலும் அன்றே, அந்நேரமே மருத்துவரிடம் செல்லுங்கள். பொடுகும் அரிப்பும் பொருக்கும் தெரிந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். அதற்காக நாய்க்கும் பூனைக்கும் விற்கும் பிப்ரோனில் மருந்தை எக்காரணம் கொண்டும் இடாதீர்கள், முயலுக்கு அது நஞ்சு.

உணவை ஓரிரு வாரங்களில் படிப்படியாக மாற்றுங்கள். பெல்லட், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்கு இறங்கட்டும். பழம் எப்போதாவது ஒரு சிறு துண்டு. புல்லைத் தின்ன வைப்பதற்காகப் பட்டினி மட்டும் போட வேண்டாம். அரை நாள் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருக்கும் முயல் அவசர நோயாளி.

செந்தூல்வாசி:

மிக்க நன்றி. பெல்லட்டை எடை போட்டுப் பார்த்தோம். இதுவரை கொடுத்து வந்தது நீங்கள் சொன்ன அளவைவிட இருமடங்குக்கும் மேல். பல்லைப் பரிசோதிக்க எங்கே செல்வது? வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் நாயும் பூனையும் மட்டுமே பார்க்கிறார்கள்.

செர்டாங்_உதவியாளர்:

செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நகரத்திலும் முயல் பார்க்கும் தனியார் மருத்துவர்கள் உண்டு. எங்கே செல்வதானாலும், முயலின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் மருத்துவர் அன்று இருப்பாரா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வாலடியில் ஒட்டியிருப்பதையும் சில உருண்டைப் புழுக்கைகளையும் தனித்தனிப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பெல்லட் பையின் சத்து விவரப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும் முயலுக்கு முன்பட்டினி தேவையில்லை என்பதால், பயணப் பெட்டியில் அதற்குப் பழகிய தீவனத்தையும் கொஞ்சம் புல்லையும் வைத்து, பெட்டியின் அடியில் வழுக்காத துண்டை விரித்து, வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.